கார் முன் கண்ணாடிக்குப் பாதுகாப்பு பிலிம்: பெங்களூரில் கார் வைத்திருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், விவேக்நகர், எலக்ட்ரானிக் சிட்டி என்று எங்கே நாலு தமிழ்க் கார்காரர்கள் சேர்ந்தாலும், ஓசூர் ரோட்டில் கல் அடித்து விரிசல் விட்ட கண்ணாடி பற்றிய பேச்சு வந்துவிடும். அதற்கு அடுத்த பேச்சு பிலிம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊருக்குள் மட்டும் ஓடும் சின்னக் காருக்கு இந்தச் செலவு வேண்டாம். விலை உயர்ந்த கண்ணாடி உள்ள வண்டியை அடிக்கடி நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்கள் மட்டும் யோசிக்கலாம். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிலிம் என்றால் கூலிங் பேப்பர்தானே?

இல்லை, ரெண்டும் வேறு. கூலிங் பேப்பர், சன் பிலிம் என்றெல்லாம் நாம் சொல்வது கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டுவது. அதன் வேலை வெயிலைக் குறைப்பது. பாதுகாப்பு பிலிம் வெளிப்பக்கம் ஒட்டுவது. நிறமே இருக்காது, ஒட்டியிருப்பது பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மொபைல் திரைக்கு மேலே ஒன்று ஒட்டுகிறோமே, அதே யோசனைதான்: அடியை அது வாங்கிக்கொள்ளட்டும், அடியில் இருப்பது பிழைக்கட்டும். சாதாரணமாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் இருக்கும்.

கடைக்காரர் 'பிலிம்' என்று மொட்டையாகச் சொன்னால், உள்ளேயா வெளியேயா என்று முதலில் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கல் பட்டால் கண்ணாடியில் உண்மையில் என்ன நடக்கிறது?

முன் கண்ணாடி ஒரே கண்ணாடி இல்லை. ரெண்டு மில்லிமீட்டர் அளவில் ரெண்டு கண்ணாடிகள், நடுவில் பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலம். மூன்றும் சேர்த்து அழுத்தி ஒட்டியது. இதைத்தான் லேமினேட்டட் கண்ணாடி என்கிறோம். உங்கள் கார் கண்ணாடியின் கீழ் மூலையைக் குனிந்து பாருங்கள். பொடி எழுத்தில் கம்பெனி பெயரும், தர முத்திரையும், பல வண்டிகளில் லேமினேட்டட் என்ற சொல்லும் அச்சாகியிருக்கும்.

டிப்பர் லாரியின் டயர் ஜல்லியைத் தெறிக்கவிடும்போது வெளிக் கண்ணாடிதான் அடி வாங்குகிறது. படலமும் உள் கண்ணாடியும் பெரும்பாலும் தப்பித்துவிடும். அதனால்தான் உள்ளே இருந்து விரலால் தடவினால் வழுவழு என்று இருக்கும், வெளியே நகத்தில் குழி தட்டும்.

பிரச்சினை அந்தக் குழியோடு நிற்பதில்லை. கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. குழியின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வெடிப்புகள் இருக்கும். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பாடி முறுக்கிக்கொள்கிறது. கண்ணாடியும் கூடவே வளைகிறது. மதியம் முழுக்க வெயிலில் நின்ற வண்டியில் ஏறி, ஏ.சி.யைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி முழு வேகத்தில் வைத்தால், உட்பக்கம் சட்டென்று குளிர்ந்து வெளிப்பக்கம் கொதித்துக்கொண்டிருக்கும். ரெண்டில் ஏதாவது ஒன்று போதும், வெடிப்பு கோடாக ஓட ஆரம்பிக்கும். நேற்று பொட்டாக இருந்தது காலையில் ஒரு சாண் நீளத்துக்கு வந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் எல்லாரும் சொல்வது இந்தக் கதைதான்.

இன்னொன்று, கல்லின் அடி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். மோதும் வேகம் 60 கிலோமீட்டரிலிருந்து 90 ஆனால், ஒன்றரை மடங்கு கூடியதாக நினைப்போம். அடியோ 2.25 மடங்கு ஆகிறது. சில்க் போர்டு சிக்னலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது கல்லடி படாததும், கிருஷ்ணகிரி தாண்டியதும் படுவதும் இதனால்தான்.

பிலிம் இருந்தால் கண்ணாடி உடையவே உடையாதா?

அப்படி யாராவது உத்தரவாதம் கொடுத்தால் அந்தக் கடையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பிலிம் அடியைக் கொஞ்சம் பரப்பிவிடும், கல்லின் கூர் முனை கண்ணாடியை நேரடியாகத் தொடாமல் தடுக்கும். பொடிக் கல், மணல், சின்ன ஜல்லி, இவற்றுக்கு நல்ல பலன் உண்டு. நெல்லிக்காய் அளவு கல் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் பிலிமும் கிழியும், கண்ணாடியும் போகும்.

மணலைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் அதுதான் மெதுவாகக் கொல்கிறது. தார்ப்பாய் மூடாத எம்-சாண்ட் லாரிகளுக்குப் பின்னால் வருடக்கணக்கில் ஓட்டிய காரின் கண்ணாடியை இரவில் பாருங்கள். எதிர்வண்டி வெளிச்சம் பட்டதும் ஆயிரம் ஊசிப்புள்ளிகள் மின்னும். இதைத் தடுப்பதில் பிலிம் நிஜமாகவே கெட்டி.

சட்டப்படி ஒட்டலாமா? போலீஸ் பிடிப்பாரா?

நீளமான பதில் இது, பொறுமையாகப் படியுங்கள்.

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி, முன், பின் கண்ணாடிகள் வழியாகக் குறைந்தது 70 சதவீத வெளிச்சமும் பக்கக் கண்ணாடிகள் வழியாக 50 சதவீத வெளிச்சமும் உள்ளே வரவேண்டும் என்கிறது. அந்த அளவுக்குள் பிலிம் ஒட்டிக்கொள்ளலாம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். 2012 ஏப்ரல் 27-ல் அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. இந்த அளவு கண்ணாடி தயாராகும்போதே இருக்கவேண்டியது, பிறகு அதன்மேல் எத்தனை சதவீத பிலிமும் ஒட்டக்கூடாது என்றது தீர்ப்பு. கறுப்பு பிலிமோடு 'வேறு எந்தப் பொருளும்' என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டது. அந்த வருடம் மே மாதம் நடுரோட்டில் வண்டியை நிறுத்திப் போலீஸ்காரர்கள் பிலிமை உரித்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும்.

அப்புறம் விதி மாறியது. 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தில் 'சேஃப்டி கிளேசிங்' என்ற சொல் நுழைந்தது. கண்ணாடியின் உட்பக்கம் பிளாஸ்டிக் படலம் உள்ளதும் அதில் அடங்கும். இதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 70, 50 என்ற அளவுகளுக்குள் இருந்தால் பிலிம் ஒட்டலாம், அதற்காக அபராதம் போட முடியாது என்று சொன்னது.

சந்தோஷப்படுவதற்கு முன்னால் ரெண்டு விஷயம். கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு கர்நாடகத்தைக் கட்டுப்படுத்தாது. இங்கே வாதத்துக்கு எடுத்துக் காட்டலாம், அவ்வளவுதான். அடுத்து, அந்த வரையறை பேசுவது உட்பக்கப் படலத்தை. நாம் பேசிக்கொண்டிருக்கும் வெளிப்பக்க பிலிமுக்கு நேரடியான அனுமதி அதில் இல்லை.

நடைமுறையில், நிறமே இல்லாத வெளி பிலிமைச் சிக்னலில் நிற்கும் போலீஸ்காரர் கவனிக்க வாய்ப்பு குறைவு. அவர் கண் தேடுவது கறுப்புக் கண்ணாடியை. ஆனால் 'பிடிக்க மாட்டார்' என்பதும் 'சட்டம் அனுமதிக்கிறது' என்பதும் ஒன்றல்ல. கேள்வி வந்தால் 2012 தீர்ப்பின் 'வேறு எந்தப் பொருளும்' உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும். இதைத் தெரிந்துகொண்டு ஒட்டுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவில் அபராதம் முதல் தடவை 500 ரூபாய் வரை, மறுபடி சிக்கினால் 1,500 வரை. பணம் பெரிதில்லை. பிலிமை உரிக்கச் சொன்னால் போகும் காசுதான் வலிக்கும்.

என் வண்டி டி.என். பதிவு. கர்நாடகப் போலீஸ் கேட்க முடியுமா?

முடியும். விதி மத்திய அரசுடையது. டி.என்., கே.ஏ. வித்தியாசம் இதில் இல்லை. அத்திப்பள்ளி தாண்டினாலும் அதே விதிதான்.

70 சதவீதம் உள்ள பிலிம் என்று கடையில் சொல்கிறார்கள். அது போதாதா?

இங்கேதான் கணக்கில் ஏமாறுகிறோம். 70 என்பது கண்ணாடியும் பிலிமும் சேர்ந்து. கம்பெனியிலிருந்து வரும் கண்ணாடியே லேசான பச்சைச் சாயலோடுதான் வருகிறது. அது 78 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 80 சதவீத பிலிம் ஒட்டினால் மிஞ்சுவது சுமார் 62. 90 சதவீத பிலிம் ஒட்டினால்தான் 70-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும். '70 சதவீத பிலிம்' என்று விற்கப்படும் எதை ஒட்டினாலும் முன் கண்ணாடி கணக்கில் தோற்றுவிடும்.

வெயில் சூடு குறையுமா? தோல் கறுக்காமல் இருக்குமா?

வெளி பாதுகாப்பு பிலிமிடம் அதைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வெயிலின் சக்தியில் ஏறக்குறைய பாதி அகச்சிவப்புக் கதிர். அதைத் தடுக்கத் தனி வகை பிலிம் வேண்டும். புற ஊதாக் கதிரைப் பொறுத்தவரை, முன் கண்ணாடிக்கு நடுவில் இருக்கும் பி.வி.பி. படலமே கிட்டத்தட்ட முழுவதையும் வடிகட்டிவிடுகிறது. அதற்காக இன்னொரு பிலிமுக்குக் காசு கொடுப்பது வீண். கை கறுப்பது பெரும்பாலும் பக்கக் கண்ணாடி வழியாக. அது பொதுவாக லேமினேட்டட் இல்லை.

நிறுத்தும்போது டேஷ்போர்டுக்கு மேலே மடக்கு அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். விலை குறைவு, சட்டச் சிக்கலும் கிடையாது.

அப்படியானால் யார்தான் ஒட்டலாம்?

என் கணக்கு இது. ஹேட்ச்பேக் வண்டி என்றால், நல்ல வெளி பிலிம் ஒட்டும் செலவும் புதுக் கண்ணாடி மாற்றும் செலவும் பல நேரம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ஒருவேளை உடையலாம் என்ற கண்ணாடிக்காக, கட்டாயம் தேய்ந்துபோகும் பிலிமுக்கு அதே பணத்தை ஏன் கொடுக்கவேண்டும்?

முன் கண்ணாடிக்குப் பின்னால், சாலையைப் பார்த்து ஓட்டுநருக்கு உதவும் கேமரா, மழை சென்சார் உள்ள வண்டிகள் வேறு ரகம். எக்ஸ்.யு.வி.700, ஹாரியர், கிரெட்டா ஆகியவற்றின் உயர் மாடல்களில் கேமரா வருகிறது. கண்ணாடியும் விலை, மாற்றினால் கேமராவை மறுபடி அளவு பார்த்துச் சரிசெய்வதும் செலவு. அப்படி ஒரு வண்டியில் வாரா வாரம் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகப் போய் வருகிறவர் என்றால் பிலிம் பற்றி யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. கிரானைட்டும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு லாரிகள் ஓயாமல் ஓடும் பாதை அது. மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் தினமும் போனாலும் ஊருக்குள் வேகம் குறைவு. அங்கே தூசிதான் எதிரி, கல் இல்லை.

இன்சூரன்ஸ் இருக்கிறதே, உடைந்தால் கிளைம் பண்ணிக்கொள்ளலாமே?

பண்ணலாம். முழுக் காப்பீடு இருந்தால் கண்ணாடி அதில் அடங்கும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானம் என்று கழிப்பார்கள். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. கட்டாயப் பிடித்தம் மட்டும் உங்கள் கையிலிருந்து போகும்: 1,500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000.

ஆனால் கிளைம் இல்லாத வருடங்களுக்குக் கிடைக்கும் நோ கிளைம் போனஸைப் பாருங்கள். 20 சதவீதத்தில் ஆரம்பித்து 50 வரை ஏறுவது அது. ஒரு கிளைம் போட்டால் சாதாரணமாக அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யம். உதாரணத்துக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 12,000 ரூபாய், போனஸ் 50 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 6,000. கண்ணாடி விலை 6,000 என்று கிளைம் போட்டால் கைக்கு வருவது 5,000. அடுத்த வருடம் கூடுதலாகக் கட்டுவது 6,000. போனஸ் மறுபடி 50-க்கு ஏற வருடங்கள் ஆகும். சின்னக் காருக்குக் கைக்காசு போட்டு மாற்றுவதே லாபம். 30,000 ரூபாய்க் கண்ணாடி என்றால் யோசிக்காமல் கிளைம் போடுங்கள். போனஸைக் காப்பாற்றும் கூடுதல் பாலிசி எடுத்திருந்தால் இந்தக் கவலையே இல்லை.

கண்ணாடியோடு போகும் பிலிமுக்கு? அதைத் தனியாகப் பாலிசியில் சேர்த்திருந்தால் ஒழிய பணம் வருமென்று நம்பாதீர்கள்.

எத்தனை நாள் உழைக்கும்?

நம் ஊர்த் தூசியில் ஒன்று, ரெண்டு வருடம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பிலிமைத் தின்பது கல் இல்லை, வைப்பர். காய்ந்த தூசிமேல் வைப்பரை ஒருமுறை ஓட்டினால் போதும், வில் வடிவத்தில் கோடு விழும். கண்ணாடி அதைத் தாங்கும். பிலிம் பிளாஸ்டிக், தாங்காது.

அபார்ட்மென்ட்டில் காலையில் கார் துடைக்க வருகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, ஒரு வரிசைக் கார்கள். நாலாவது காருக்கு வரும்போது அந்தத் துணி உப்புத்தாள் ஆகிவிடும். பிலிம் ஒட்டினால் முன் கண்ணாடியைத் தொடவேண்டாம் என்று அவரிடம் தன்மையாகச் சொல்லிவிடுங்கள். சிக்னலில் ஓடிவந்து துடைக்கிறவர்களையும் கையைக் காட்டி நிறுத்திவிடவேண்டும்.

பிலிம் ஒட்டும் அன்றே வைப்பர் ரப்பரைப் புதிதாக மாற்றுங்கள். முதலில் தண்ணீர் பீய்ச்சி, பிறகு வைப்பர். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் பிசுபிசுப்பு படியும், அதைச் சுரண்டாமல் ஊறவைத்துக் கழுவவேண்டும்.

கோடு விழுந்த பிலிமின் தொல்லை எப்போது தெரியும் என்றால், சூரியன் தாழ இருக்கும்போது. அல்சூரில் குடியிருந்து ஒயிட்ஃபீல்டில் வேலை பார்ப்பவர் காலையில் கிழக்கே போகிறார், மாலையில் மேற்கே திரும்புகிறார். ரெண்டு வேளையும் வெயில் முகத்துக்கு நேரே. பழைய பிலிமோடு அந்த வழியில் ஓட்டுவது ஆபத்து. கண்ணாடியைக் காப்பாற்றி என்ன பயன், முன்னால் பைக் போவது தெரியவில்லை என்றால்?

பெயின்ட்டுக்கு ஒட்டும் பி.பி.எஃப். மீதி இருக்கிறது, அதையே ஒட்டித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். சரியா?

வேண்டவே வேண்டாம். அது பானட்டுக்கு. கனம் அதிகம், பார்வைத் தெளிவுக்காகச் செய்தது இல்லை. பகலில் நன்றாக இருப்பது போலத் தோன்றும். இரவு மழையில் எதிர்வெளிச்சம் பட்டால் பூசினாற்போல் கலங்கும்.

ஜே.சி. ரோட்டில் ஒட்டலாமா? எதைப் பார்த்துக் கடையைத் தேர்வு செய்வது?

ஜே.சி. ரோட்டில் கிடைக்காத கார் சாமானே இல்லை, விலையும் பேசலாம். ஆனால் இந்த வேலைக்கு ரோட்டோரம் ஆகாது. மூடிய, தூசி குறைந்த இடம் வேண்டும். முன் கண்ணாடி ரெண்டு பக்கமும் வளைந்தது. தட்டையான பிலிமை அதன்மேல் போட்டு, ஹீட் கன் காட்டிச் சுருக்கி, அந்த வளைவுக்குப் படியவைக்கவேண்டும். அவசரக்காரர் சூட்டை ஒரே இடத்தில் காட்டினால் பிலிம் கெடும், கண்ணாடியே வெடிக்கவும் கூடும். ஏற்கெனவே பொட்டு இருக்கும் கண்ணாடி என்றால் இந்தப் பயம் இரட்டிப்பு.

வேலை முடிந்ததும் பணம் கொடுக்கும் முன் ஓட்டுநர் சீட்டில் உட்காருங்கள். எதிரே ஒரு நேர்க்கோடு தேடுங்கள், ஷட்டர் விளிம்போ ஜன்னல் கம்பியோ. அதைப் பார்த்துக்கொண்டே தலையை மெதுவாக இடமும் வலமும் அசையுங்கள். கோடு நெளிந்தால் பிலிம் சரியாகப் படியவில்லை. தண்ணீர்க் கொப்புளம் சில நாளில் வற்றிவிடும். உள்ளே மாட்டிய தூசி வற்றாது, உங்கள் கண் முன்னாலேயே தங்கிவிடும். முடிந்தால் சாயங்காலம் டெலிவரி எடுத்து, தெருவிளக்கு எரிந்ததும் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அங்கேயே திரும்பிவிடலாம்.

ஃபாஸ்டேக் வேலை செய்யுமா?

உலோகம் கலக்காத பிலிம் என்றால் செய்யும். ஃபாஸ்டேக் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகிறது. உலோகப் பூச்சு அதை மறித்துவிடும். அத்திப்பள்ளி டோலில் பின்னால் வரிசை ஹாரன் அடிக்கும்போது இந்தப் பாடம் கற்கவேண்டாம், வாங்கும்போதே கேளுங்கள்.

கேமரா, மழை சென்சார்?

அவை பார்க்கும் இடத்தின் மேலே பிலிம் போனால் தொந்தரவு வரலாம். அந்தப் பகுதியை வெட்டி விட்டு ஒட்டச் சொல்லலாம். வண்டி வாரன்டியில் இருந்தால், பிலிம் ஒட்டலாமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஏற்கெனவே ஒரு பொட்டு இருக்கிறது. மேலே பிலிம் ஒட்டி மறைத்துவிடலாமா?

முதலில் பொட்டைச் சரிசெய்யுங்கள். குழியிலிருந்து காற்றை உறிஞ்சி, ரெசின் ஏற்றி, புற ஊதா விளக்கில் இறுக்குவார்கள். ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கும் பொட்டு, ஓட்டுநரின் நேர்ப் பார்வையில் இல்லாதது, கண்ணாடி ஓரத்தைத் தொடாதது என்றால் பெரும்பாலும் காப்பாற்றலாம். அடையாளம் லேசாகத் தெரியும், ஓடுவது நிற்கும். ரிப்பேருக்குக் கொடுக்கும்வரை பொட்டின்மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டிவையுங்கள். தண்ணீரும் அழுக்கும் இறங்கிவிட்டால் ரெசின் பிடிக்காது. பிலிம் மேலே ஒட்டிவிட்டால் ரெசின் ஏற்ற வழியே இல்லை.

கண்ணாடிக்குப் பூசும் திரவம், நானோ கோட்டிங் எல்லாம்?

மழைத்தண்ணீர் உருண்டு ஓட நல்லது. கல்லுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

எதுவும் ஒட்டாமல் கண்ணாடியைக் காப்பாற்ற வழி உண்டா?

டிப்பரின் பின்னால் போகாதீர்கள். முந்த முடிந்தால் சீக்கிரம் முந்துங்கள், முடியாவிட்டால் நன்றாகப் பின்தங்குங்கள். பாதித் தூரத்தில் ஒட்டிக்கொண்டு ஓட்டுவதுதான் மோசம். பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும்போது முன்வண்டி புதிதாக ஜல்லி போட்ட இடத்தில் வேகமெடுத்தால் நீங்கள் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

பழைய பிலிமை நானே உரிக்கலாமா?

உரிக்கலாம், வெயிலில் வண்டியை நிறுத்திச் சூடேறிய பிறகு. ஒரு மூலையைக் கிளப்பி, கண்ணாடியோடு ஒட்டினாற்போலத் தாழ்வாகப் பிடித்து மெதுவாக இழுங்கள். மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும். தங்கிய பசைக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும். துடைக்கும் முன் பானட்டின்மேல் ஒரு பழைய வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள், சொட்டினால் பெயின்ட்டில் படாமல் இருக்கும்.